அரையில் கட்டிய துண்டு

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

இயேசு சீடர்களோடு கடைசியாக உட்கார்ந்து சாப்பிட்ட இரவில் ஒரு வாக்குவாதம் நடந்தது. லூக்கா 22ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தங்களில் யார் பெரியவன் என்று போட்டி! அதே இரவைப் பற்றி யோவான் 13இல் வாசித்தால், அவர் பந்தியிலிருந்து எழுந்து, மேலாடையைக் கழற்றிவைத்து, துண்டை அரையில் கட்டிக்கொண்டு, ஒவ்வொருவர் காலாகக் கழுவித் துடைக்கிறார். புழுதியில் நடந்த கால்கள். வேலைக்காரர்கள் செய்கிற வேலை. அவரைக் காட்டிக்கொடுக்கப்போகிற யூதாஸின் காலும் அதில் உண்டு. அவன் எழுந்து வெளியே போனது அதற்குப் பிறகுதான். அவன் செய்யப்போவது தெரிந்தே கழுவினார்.

சீடரான பேதுரு, தன் காலைக் கழுவ வேண்டாம் என்று தடுத்துப் பார்த்தார். பார்ப்பதற்குப் பணிவு மாதிரி இருக்கும். எனக்கென்னவோ அதில் கொஞ்சம் வீம்பும் தெரிகிறது. பிறர் கையால் ஒன்றை வாங்கிக்கொள்ளவும் மனது இறங்கத்தானே வேண்டும்?

தாழ்மையைப் பற்றிப் பேச நம் சிங்கப்பூர்ச் சபைகளில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ‘எளிய ஊழியன்’ என்றுதான் மேடையில் ஆரம்பிப்போம். நன்றியுரையில் பெயர் விடுபட்டால் முகம் சுண்டிவிடும். பொன்னாடை வரிசை மாறினால், கேட்கவே வேண்டாம்.

பெரிய வியாழனன்று ஆலயத்தில் பாதம் கழுவும் சடங்கு வருடத்துக்கு ஒரு தடவை. ஆனால் சிலுவையை அனுதினமும் சுமக்கச் சொன்னாரே இயேசு, அது எங்கே நடக்கும்? வீட்டில்தான். அடுக்குமாடி வீட்டில் ஜெபக்கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரவேற்பறையில் எல்லாரும் கண்ணை மூடி, ‘ஆண்டவரே, தாழ்மையைத் தாரும்’ என்கிறோம். சமையலறையில் பணிப்பெண் பிரியாணிச் சட்டியின் அடிப்பிடித்ததைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். மாதத்தில் ஒரு நாளாவது அவருக்குக் கட்டாய ஓய்வு, பணம் கொடுத்து அதை ஈடுகட்ட முடியாது என்று 2023 ஜனவரி முதல் விதியே இருக்கிறது. விதி அவ்வளவுதான் சொல்லும். அந்தச் சட்டியை வாங்கி, ‘நீங்கள் போய்ச் சாப்பிடுங்கள்’ என்று சொல்ல வேண்டியது வீட்டுக்காரர். ஜெபத்தை நடத்தியவரே எழுந்து போனால் இன்னும் நல்லது.

யாக்கோபு 2ஆம் அதிகாரம் இன்னும் நேராகக் கேட்கிறது. பொன்மோதிரம் போட்டவருக்கு நல்ல இடம், அழுக்கு உடைக்காரருக்கு ‘நீ அங்கே நில்’ என்றால், அது என்ன விசுவாசம்? இங்கே யாரும் வாயால் அப்படிச் சொல்வதில்லை. ஆனாலும் தமிழ்நாட்டிலிருந்து கட்டுமான வேலைக்கு வந்த தம்பிகள் பின்வரிசையில்தான் உட்காருகிறார்கள். ஆராதனை முடிந்ததும் ‘நல்லாருக்கீங்களா?’ என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் நாம் நகர்ந்துவிடுகிறோம்.

இந்த ஞாயிறு அவர்களில் ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள். ஊர் எது, விடுதி எங்கே, துவாஸா, சுங்கை காடுட்டா என்று விசாரியுங்கள். அவர் தேநீர் எடுத்து வந்து நீட்டினால் வாங்கிக் குடியுங்கள். அடுத்த வேதபாடத்தை நடத்தித் தரச் சொல்லியும் கேட்டுப் பாருங்கள். ஊரில் வாலிபர் கூட்டம் நடத்தியவராகக்கூட இருக்கலாம். இங்கே அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நன்றி, வணக்கம்.