வாயில்லாப் பூச்சி

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பட்டுப்பூச்சி என்றதும் முசுக்கொட்டை இலை தின்னும் வளர்ப்புப் பூச்சிதான் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது பெரும்பாலும் காட்டிலே வாழும் சாட்டர்னிடே என்ற அந்துப்பூச்சிக் குடும்பத்தைப் பற்றி. 2,000-க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்டது. டசர், முகா, எரி பட்டுகளைத் தருபவை இவைதாம். இவற்றுள் அட்லஸ் அந்துப்பூச்சி இறக்கையை விரித்தால் 25 செ.மீ. வரை அகலம் இருக்கும்.

இவ்வளவு பெரிய பூச்சி எதையும் உண்பதில்லை என்றால் நம்புவீர்களா? இறக்கை முளைத்தபின் அதற்கு உண்ணத்தக்க வாயுறுப்பே இல்லை. ஏறத்தாழ ஒரு வாரம்தான் ஆயுள். பறப்பதற்கும் இணை சேர்வதற்கும் முட்டையிடுவதற்குமான சக்தி முழுவதும் புழுப் பருவத்தில் சேர்த்த கொழுப்பு. அதனால்தான் சொல்கிறேன், வண்ண இறக்கையைவிட நம் வியப்புக்கு உரியது அந்தப் புழு.

முட்டையை விட்டு வரும்போது சில மில்லிமீட்டர்தான் இருக்கும். ஓயாமல் இலை தின்னும், பெரும்பாலும் நான்கு முறை தோலுரிக்கும். உரித்த தோலையும் பல இனங்கள் விடுவதில்லை. வளர்ந்த அட்லஸ் புழு 10 செ.மீ. நீளத்தையும் தாண்டும்.

அடுத்தது கூடு. டசர் புழுவின் வேலையைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும். சிறு கிளையைச் சுற்றிப் பட்டால் ஒரு வளையம், அதிலிருந்து உறுதியான காம்பு, காம்பின் முனையில் முட்டை வடிவக் கூடு. இலை உதிர்ந்தாலும் கூடு விழாது. அவ்வளவு கெட்டியான கூட்டிலிருந்து வாயில்லாத பூச்சி எப்படி வெளியேறும்? 1964-இல் கஃபாட்டோஸ், வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர்கள் டசருக்கு நெருங்கிய இனமொன்றில் விடை கண்டார்கள். பூச்சி தன் முகத்தில் சுரக்கும் ஒரு நொதியால் இழைகளை ஒட்டவைத்திருக்கும் பசையைக் கரைக்கிறது. இழைகள் தளர்ந்ததும் அவற்றை விலக்கிக்கொண்டு வெளியே வருகிறது. பிறகு எதையாவது பற்றித் தொங்கி, கசங்கிய இறக்கைகளுக்குள் உடல் நீரைச் செலுத்தி விரிக்கிறது. தொங்க இடமில்லாவிட்டால் இறக்கை ஊனமாகிவிடும்.

இரவில் பெண் பூச்சி ஓரிடத்தில் அமர்ந்து மணம் பரப்பும். இறகு போன்ற உணர்கொம்புகளால் ஆண் அதைத் தொலைவிலிருந்தே அறிந்து தேடி வரும். வழியில் வௌவால்கள் உண்டு. இதே குடும்பத்து லூனா இனத்தின் இறக்கையில் உள்ள நீண்ட வால்கள் சுழன்று வௌவாலின் எதிரொலியைக் குழப்ப, தாக்குதல் உடலில் படாமல் வாலில் விழும். வால் கிழிந்தாலும் பறக்கலாம்.

இரவில் விளக்கைச் சுற்றும் பெரிய அந்துப்பூச்சியைக் கண்டால் தயவுசெய்து விளக்கை அணையுங்கள். இருக்கும் கொழுப்பு தீருமுன் அது தன் இணையைக் கண்டாக வேண்டும்.