காசிமேட்டுல சுத்திப் பார்க்க வர்றவங்களுக்கும் இடம் வேணும், ஆனா படகுக்கு அப்புறம்தான்

மக்களே, வணக்கம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துல இருந்து பேசுறேன். பின்னாடி என்ஜின் சத்தம் கொஞ்சம் அதிகமா இருக்கும், பொறுத்துக்கோங்க. ஒரு விசைப்படகு இப்பதான் உள்ள வருது, ஏலம் நடந்துக்கிட்டே இருக்கு.

காசிமேட்டை டூரிஸ்ட் ஸ்பாட் ஆக்கலாமே, படகு சவாரி விடலாமே, கடலோரமா ரெஸ்டாரன்ட் கட்டலாமேன்னு நிறைய பேர் பேசுறாங்க. மக்கள் இங்க வரணும்னு எனக்கும் ஆசைதான். தட்டுல இருக்கிற மீனு எப்படி வருதுன்னு சென்னைக்காரங்க நேர்ல பார்க்கணும். ஆனா எதை முதல்ல கட்டுறோம், எதை எங்க வைக்கிறோம்ங்கிறதுலதான் எல்லாம் இருக்கு. அதைத்தான் இன்னைக்குப் பேசப்போறேன்.

2021 மத்திய பட்ஜெட்ல அஞ்சு மீன்பிடித் துறைமுகத்தைப் பெருசா மேம்படுத்துறதா அறிவிச்சாங்க. கொச்சி, சென்னை, விசாகப்பட்டினம், பாராதீப், பெட்டுவாகாட். அதுல சென்னைன்னு சொன்னது இந்தக் காசிமேட்டைத்தான். 97.75 கோடி ரூபாய்த் திட்டம். பணம் வருது, கட்டடம் வருது, சந்தோஷம். அந்தக் கட்டடத்துக்குள்ள யார் எந்த வழியா நடக்கப்போறாங்கன்னுதான் நான் கேட்குறேன்.

இந்தப் பக்கம் கேமராவைத் திருப்புறேன், பாருங்க. படகுங்க ஒண்ணை ஒண்ணு அணைச்சு வரிசையா நிக்குது. வார்ஃப்ல, அதாவது படகு கட்டுற மேடையில, நேரா கட்ட இடம் கிடைக்காதவங்க, பக்கத்துப் படகு மேல ஏறி, அதைத் தாண்டி, அடுத்த படகையும் தாண்டித்தான் மீனை இறக்கணும். இறக்கினதும் ஏலம். ஏலம் முடிஞ்சதும் ஐஸ் போட்டு வண்டியில ஏத்தணும். படகு திரும்பக் கடலுக்குப் போகணும்னா டீசல், தண்ணி, ஐஸ் எல்லாம் நிரப்பணும். இதுல எங்க அரை மணி நேரம் தாமதமானாலும் மீனோட தரம் இறங்கும், விலையும் கூடவே இறங்கும். ஆழ்கடல்ல நாள் கணக்கா கிடந்து பிடிச்ச மீனுக்குக் கரையில வந்து விலை போகலைன்னா அந்த வலி வேற மாதிரி.

இப்ப ஞாயித்துக்கிழமையை நினைச்சுப் பாருங்க. மொத்தச் சென்னையும் இங்கதான். வஞ்சிரம், சங்கரா, கடம்பா, இறால்னு வாங்க வர்றவங்க ஒரு பக்கம். வாங்காம பார்க்க மட்டும் வர்றவங்க இன்னொரு பக்கம். ரெண்டு பேர் பெரிய கூடையைத் தூக்கிக்கிட்டு "ஓரம், ஓரம்"னு கத்திக்கிட்டே ஓடுறாங்க, நடுவுல நின்னு ஒருத்தர் செல்ஃபி எடுக்குறாரு. தரை ஈரம், வழுக்குது. அவர் மேல தப்பு சொல்ல முடியாது. அவர் நிக்கிறதுக்குன்னு ஒரு இடத்தை நாம கட்டவே இல்லையே!

ஜப்பான்காரங்க இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. டோக்கியோவுல பழைய சுக்கிஜி மார்க்கெட்ல சூரை மீன் ஏலம் பார்க்க ஒரு நாளைக்கு 120 பேரைத்தான் விட்டாங்க. 2018 அக்டோபர்ல மார்க்கெட்டை டோயோசுவுக்கு மாத்தினப்போ, பார்வையாளருக்குத் தனி வழியே கட்டிட்டாங்க. மேல இருந்து ஏலத்தைப் பார்க்கலாம், கீழ வேலை செய்யுறவங்க காலுக்குள்ள போக முடியாது. இங்க கண்ணாடி, ஏசியெல்லாம் வேண்டாம். ஏலக்கூடத்துக்கு மேல ஒரு உறுதியான நடைமேடை போதும், காத்து நல்லா வரும். இதுல சுகாதாரமும் இருக்கு. ஏற்றுமதிக்குப் போற மீனை எடை போடுற தரையில தெருவுல நடந்த செருப்போட நூறு பேர் நடந்தா, அந்தத் தரையை மாத்தி என்ன பிரயோஜனம்? மொத்த ஏலம் ஒரு கூடம், சில்லறை விற்பனை இன்னொரு கூடம், பார்வையாளர் மாடியில. இப்படிப் பிரிச்சே ஆகணும்.

சரி, உல்லாசப் படகு விஷயம். இங்கதான் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்.

காலண்டரை எடுத்துப் பாருங்க. நம்ம கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், விசைப்படகுக்கு மீன்பிடித் தடை. அந்த 61 நாளும் எல்லா விசைப்படகும் உள்ளதான் கட்டிக் கிடக்கும், ஒரு ஓட்டைப் படகு நுழையக்கூட இடம் இருக்காது. பள்ளிக்கூட லீவும் அதே நேரம்தான்! குடும்பத்தோட படகு சவாரிக்கு எல்லாரும் கிளம்புற மாசத்துலதான் இந்தத் துறைமுகத்துல துளி இடம் இல்லை. திட்டத்துக்குப் படம் வரையுறவங்க இதை ஒரு தடவையாவது யோசிச்சுப் பார்க்கணும்.

அதையே திருப்பிப் போட்டா நல்ல விஷயம் ஒண்ணு கிடைக்குது. தடைக்காலத்துல என்ன நடக்குது? வலை பின்னுறாங்க, பழுது பார்க்குறாங்க, படகைக் கரையில ஏத்தி அடிப்பாகத்தைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கிறாங்க, என்ஜினைப் பிரிச்சு மாட்டுறாங்க. ஒரு பத்து வயசுப் பிள்ளைக்கு இதைவிட என்ன வேணும்? அந்த நேரத்துல மீனவக் குடும்பத்துக்கு வருமானம் இல்லை, அரசாங்கம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் குடுக்குது. ரெண்டு மாசத்துக்கு அது எந்த மூலைக்கு? பார்க்க வர்றவங்களைக் கூட்டிட்டுப் போய்ச் சுத்திக்காட்டி விளக்குற வேலையை இங்க இருக்கிற அண்ணன்மாருக்கே கூலி குடுத்து ஒப்படைக்கலாம். கடல் காத்து எந்தத் திசையில மாறினா என்ன மீன் வரும்னு அவங்க சொல்றதை நான் மணிக்கணக்கா கேட்டுக்கிட்டு நின்னிருக்கேன்.

இலங்கையில மிரிஸ்ஸன்னு ஒரு மீன்பிடித் துறைமுகம். நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் அங்க இருந்து நீலத்திமிங்கலம் பார்க்கப் படகு போகுது, மீன் படகும் அதே துறைமுகம்தான். அங்க அது நடக்குதுன்னா காரணம் இருக்கு. ஆழமான கடல் கரைக்கு ரொம்பப் பக்கத்துல வருது, திமிங்கலமும் வருது. அங்கயும் படகுங்க திமிங்கலத்தைத் துரத்துறதைத் தடுக்க 2012-ல தூரம், வேகத்துக்கெல்லாம் சட்டம் போட வேண்டி வந்துச்சு. அதை அப்படியே தூக்கி இங்க வைக்க முடியாது. நம்ம கடலும் வேற, இடநெருக்கடியும் வேற.

"அப்போ கடலுக்குள்ள இன்னும் கல்லைக் கொட்டி சொகுசுப் படகுக்குன்னு தனியா ஒரு தளம் கட்டலாமே"ன்னு கேட்பாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். சென்னைத் துறைமுகத்துக்கு அலையைத் தடுக்கக் கடலுக்குள்ள சுவர் வந்ததுல இருந்து தெற்கே இருந்து வர்ற மணல் அங்கயே தேங்குது. மெரினா அகலமாச்சு. வடக்கே ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் கடல் கரையைத் தின்னுக்கிட்டே போச்சு, குப்பங்கள் வீடு இழந்துச்சு. நூறு வருஷத்துக்கு மேல நடக்குற கதை இது. மணல் வழியில இன்னொரு சுவர் வந்தா அடுத்த அடி திருவொற்றியூர்க்காரங்களுக்குத்தான்.

முதல்ல கட்ட வேண்டியது என்னன்னு கேட்டா, பெண்களுக்கான கழிப்பறைன்னுதான் சொல்லுவேன். நடுராத்திரியில வந்து ஏலம் எடுத்து, மீனை வித்து, மதியம் வரைக்கும் உட்கார்ந்திருக்கிற அக்காமாருங்க இவங்க. சுத்தமான கழிப்பறை, குடிதண்ணி, நிழல், பணத்தையும் துணிமணியையும் பத்திரமா வைக்க ஒரு லாக்கர். டூரிஸ்ட்டுக்குப் பளபளன்னு கழிப்பறை கட்டிட்டு, இவங்களை வாசல்ல நிறுத்துற மாதிரி ஒரு திட்டம் வந்தா நான் எதிர்த்துப் பேசுவேன். ரெஸ்டாரன்ட்டும் அப்படித்தான். வாங்கின மீனை அங்கயே சமைச்சுக் குடுக்குற கடை வரட்டும், இங்க இருக்கிற மகளிர் குழுவுங்க நடத்தட்டும். வாடகை எட்டாத உயரத்துல இருந்தா, வெளியில இருந்து வந்தவங்கதான் கடை போடுவாங்க.

அதுவரைக்கும் நீங்க வரணும்னா வாங்க. வழுக்காத செருப்பு போட்டுக்கோங்க, கூடையோ பையோ எடுத்துட்டு வாங்க. ஏலம் நடக்குற வட்டத்துக்குள்ள போகாதீங்க, வெளியில நின்னு பாருங்க. போட்டோ எடுக்குறதுக்கு முன்னாடி "அக்கா, எடுக்கலாமா"ன்னு கேளுங்க. அனுமதி இல்லாம ட்ரோன் பறக்க விடாதீங்க, பக்கத்துலயே பெரிய துறைமுகம் இருக்கு. மீனை இங்கயே வெட்டி வாங்குங்க, வெட்டுற கூலியில பேரம் பேசாதீங்க.