அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள்

(சபையின் குடும்ப விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பான சபையாரே, வாலிபப் பிள்ளைகளே, இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் உங்கள் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டி வைக்கிறோம். அந்த அட்டைகளில் அடிக்கடி வருகிற வசனம் எரேமியா 29:11. "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இங்கே பலருக்கு இது மனப்பாடம். ஆனால் அதற்கு முந்தின வசனம் என்ன?

"பாபிலோனிலே எழுபதுவருஷம் நிறைவேறினபின்பு" என்று தொடங்குகிறது பத்தாம் வசனம். எழுபது வருஷம்! பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூத ஜனங்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து எழுதிய கடிதம் அது. சிதேக்கியா ராஜா பாபிலோனுக்கு அனுப்பிய தூதர்களின் கையில் அது போய்ச் சேர்ந்தது. அதை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் இனி எருசலேமைக் கண்ணால் காணப் போவதில்லை. அவர்களுக்குத்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் சமாதானத்துக்காகவே விண்ணப்பம் பண்ணுங்கள் என்று எழுதுகிறார். இவ்வளவையும் சொன்ன பிறகுதான் "தீமைக்கல்ல" என்ற ஆறுதல் வருகிறது.

இன்னும் ஒரு பக்கம் பின்னால் போனால் 28ஆம் அதிகாரம். அங்கே கிபியோன் ஊரானாகிய அனனியா என்னும் தீர்க்கதரிசி, ஆலயத்தில் ஆசாரியரும் ஜனங்களும் பார்க்க நின்று, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்கிறான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தையும் பிறகு எடுத்து உடைத்துப் போடுகிறான். இரண்டு வருஷம் என்று கேட்டதும் எரேமியாவே "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார். அவருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் அது கர்த்தருடைய வார்த்தை அல்ல. அன்றைக்கு வாட்ஸ்அப் இருந்திருந்தால் நாம் யாருடைய செய்தியை உறவினர்களுக்கு அனுப்பியிருப்போம் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு வருஷம் என்றவனுடையதையா, எழுபது வருஷம் என்றவருடையதையா? தனித்தனியாக எடுத்த வசனத்தோடு மட்டும் வளருகிற பிள்ளைக்கு அனனியாவையும் எரேமியாவையும் பிரித்தறிய வழியில்லை. வேலை பறிபோகும்போது, வியாதி வரும்போது, "மூன்றே மாதத்தில் அற்புதம்" என்று யார் மேடையேறிச் சொன்னாலும் அதன் பின்னால் போய்விடும். அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன்: வீட்டில் வேதத்தை அதிகாரம் அதிகாரமாக, சத்தமாக, எல்லோரும் சேர்ந்து வாசியுங்கள்.

மோசே இந்தப் பொறுப்பை வீட்டில்தான் வைத்தார். உபாகமம் ஆறாம் அதிகாரத்தில், "நீ உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும்" கர்த்தருடைய வார்த்தைகளைக் குறித்துப் பேச வேண்டும் என்கிறார். வீட்டில் ஒருவர் மட்டும் விசுவாசத்தில் இருக்கிறார், என்ன செய்வது என்று சில தாய்மார் கேட்கிறார்கள். பவுலின் உடன் ஊழியனான தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன். பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளுமே அவனுக்கு வழிகாட்டினார்கள். சிறுவயது முதல் வேத எழுத்துக்களை அறிந்தவன் என்று பவுல் அவனுக்கு எழுதுகிறார்.

தரங்கம்பாடியை நினைத்துப் பாருங்கள். ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு 1706இல் அங்கே வந்து இறங்கினார். ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்தன, காகிதமோ அரிது. ஆகவே அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. ஆராதனையில் போதகர் ஒருவர் வாசித்தால் போதும் என்றிருந்தால் ஓலைப் பிரதியே போதுமே! இன்று நம் கைபேசியிலேயே முழு வேதாகமமும் இருக்கிறது. ஆனால் மாலை குடும்ப ஜெபத்தில் ஒரு சங்கீதத்தை அவசரமாக வாசித்து, கர்த்தருடைய ஜெபத்தோடு முடித்துக்கொள்கிறோம். சில வீடுகளில் அதுவும் நின்றுவிட்டது. இது எனக்கு மிகுந்த வேதனை.

பிள்ளைகளோடு வாசிக்க முடியாத பகுதிகள் இருக்கிறதே என்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பொறுத்திருங்கள். வளர்ந்த பிள்ளைகளோடு, முக்கியமாகப் பெண்பிள்ளைகள் இருக்கிற வீட்டில், இரண்டாம் சாமுவேல் 13ஆம் அதிகாரத்தைத் தாண்டிப் போகாதீர்கள். தாவீது ராஜாவின் மகள் தாமாருக்கு ராஜாவின் குடும்பத்துக்குள்ளேயே, தகப்பன்வழி அண்ணன் அம்னோனாலேயே கொடுமை நடந்தது. அவளுடைய உடன்பிறந்த அண்ணன் அப்சலோம், "நீ மவுனமாயிரு, அவன் உன்னுடைய சகோதரன்" என்று சொல்லி அவளை அடக்குகிறான். தாவீது ராஜா கேள்விப்பட்டு "வெகு கோபமாயிருந்தான்". அவ்வளவுதான். அம்னோனை அவன் தண்டித்ததாக அந்த அதிகாரத்தில் ஒரு வரியும் இல்லை. குடும்ப மானம் போய்விடும் என்று நம் வீடுகளில் மூடி மறைப்பதை வேதம் ராஜாவின் வீட்டிலேயே திறந்து காட்டுகிறது. அந்த அதிகாரத்தை அப்பா அம்மாவோடு உட்கார்ந்து வாசித்த பெண், தனக்கு ஏதாவது நேர்ந்தால் இந்த வீட்டில் சொல்லலாம் என்று அறிந்திருப்பாள். எத்தனை அறிவுரை சொன்னாலும் இந்தத் தைரியம் வராது.

பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வரவில்லை என்பது இன்னொரு குறை. பாட்டி தமிழில் வாசிக்கட்டும், பேரன் ஆங்கிலத்தில் தொடரட்டும். ஒருவர் தடுமாறினால் மற்றவர் எடுத்துக் கொடுக்கட்டும். அதற்காக வாசிப்பை நிறுத்த வேண்டியதில்லை.

நேரம் இல்லை என்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுபோனவர்கள் இங்கே அநேகர் இருப்பீர்கள். இந்த முறை ரூத்தின் புத்தகத்தை எடுங்கள். நான்கே அதிகாரம், நான்கு இரவுகள். இன்றிரவு முதல் அதிகாரம். வாசிக்கத் தெரிந்தவர்களில் இளைய பிள்ளை தொடங்கட்டும். அந்த அதிகாரத்தின் முடிவில், கணவனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்த நகோமி, "சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார்" என்று ஊராரிடம் சொல்கிறாள். கர்த்தர்மேல் இப்படிக் குறை சொல்லலாமா என்று ஒரு பிள்ளை கேட்கலாம். அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடாதீர்கள். நாளை இரவு இரண்டாம் அதிகாரத்தையும் அந்தப் பிள்ளையே தொடங்கட்டும்.