பென்சிலால் திருத்திய பெயர்

எல்லோருக்கும் வணக்கம். நேராக ஒரு தாளிலிருந்து தொடங்கிவிடுகிறேன்.

1796 ஜூலை 30, சனிக்கிழமை. சிட்னியில் அன்றைக்கு நடந்த நாடகத்துக்கு அடித்த நோட்டீஸ் அது. ஆஸ்திரேலியாவில் அச்சாகி இன்றுவரை தப்பிப் பிழைத்தவற்றில் ஆகப் பழையது அதுதான். சட்டப் புத்தகம் இல்லை, அரசாணை இல்லை. இன்ன நாடகம், இன்னார் நடிக்கிறார்கள் என்று சொல்லும் ஒற்றைத் தாள். அதுவும் சிட்னியில் கிடைக்கவில்லை. துண்டுத் தாள்களைச் சேர்த்து வைத்த ஒரு தொகுப்புக்குள், கனடாவின் தேசிய நூலகத்தில் இருந்தது. 2007-ல் கனடா அதை ஆஸ்திரேலியாவுக்கே கொடுத்துவிட்டது. அந்த நாட்டின் முதல் அச்சு வேலையை இன்று நம் கண்ணுக்குக் காட்டுவது, ஆட்டம் முடிந்ததும் கீழே போட வேண்டிய ஒரு காகிதம். எனக்கு இதை எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காது.

பழைய நாடக நோட்டீஸைக் கையில் எடுத்தால் முதலில் ஒரு சிக்கல் வரும். பலவற்றில் கிழமை இருக்கும், தேதி இருக்கும், வருஷம் இருக்காது. நாளைக்கு நடக்கப்போகிற ஆட்டத்துக்கு வருஷம் எதற்கு? சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? லண்டன் ட்ரூரி லேன் அரங்கின் நோட்டீஸ் ஒன்றில் 'நவம்பர் 5, திங்கள்' என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 1800-க்கும் 1825-க்கும் நடுவே அந்தத் தேதி திங்கட்கிழமையில் விழுந்தது மூன்றே வருஷங்களில்: 1804, 1810, 1821. நடிகர் பட்டியலில் எட்மண்ட் கீன் பெயர் இருந்தால் முதல் இரண்டும் கழிந்துவிடும். பெரியவரான பிறகு அவர் அந்த மேடையில் முதன்முதலாக ஏறியதே 1814 ஜனவரியில்தான். மிஞ்சுவது 1821. ஒரு காலண்டரும் ஒரு பெயரும் போதும். இந்த வேலையில் எனக்குக் கிடைக்கிற சந்தோஷம் வேறு எதிலும் கிடைத்ததில்லை.

காகிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கந்தல் துணியை ஊறவைத்து அரைத்துச் செய்த பழைய காகிதம் இன்றும் மடக்கினால் மடங்கும். நூறு வருஷம் கழித்து வந்த மரக்கூழ்க் காகிதம் மடித்த இடத்திலேயே ஒடிகிறது. அதிலுள்ள அமிலம் அதையே தின்கிறது. ஆகவே அதிகம் பழசானதைவிட அவ்வளவு பழசாகாததைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். டேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். அமிலமில்லாத உறை ஒன்றில் போட்டு, வெளிச்சம் படாமல் படுக்கையாக வையுங்கள்.

அப்புறம் ஒன்று. நோட்டீஸும் சுவரொட்டியும் நடக்கப்போவதைச் சொல்பவை. நடந்ததைச் சொல்பவை அல்ல. நடிகைக்குத் தொண்டை கட்டியிருக்கலாம், கடைசி நேரத்தில் நாடகமே மாறியிருக்கலாம். அச்செழுத்துக்கு அது தெரியாது. அன்றைக்கு அரங்கில் உட்கார்ந்திருந்த ஒருவர் நிகழ்ச்சித் தாளில் ஒரு பெயரை அடித்து வேறொரு பெயரை எழுதினால்தான் நமக்குத் தெரியவரும். சேகரிப்பாளர்களில் பலர் பளிச்சென்று சுத்தமாக இருக்கும் பிரதிக்குத்தான் அதிகம் கொடுப்பார்கள். நான் கிறுக்கல் உள்ளதைத்தான் தேடுவேன்.

லண்டனில் கேப்ரியல் எந்தோவன் என்ற அம்மையார் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நாடக நோட்டீஸ்களைச் சேர்த்திருந்தார். நாடகத்துக்கென்று தனிச் சேகரம் வேண்டும் என்று 1911-லிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அவருடைய சேகரிப்பை 1924-ல் ஏற்றது. அதோடு அவர் வீட்டுக்குப் போய்விடவில்லை; 1950-ல் இறக்கும்வரை அந்தத் தாள்களோடுதான் வேலை செய்தார். அந்தப் பொறுமையை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது.

எனக்கு அந்தப் பொறுமை தொடக்கத்தில் இல்லை. முதலில் வாங்கிய நிகழ்ச்சித் தாள் ஒன்றில் ஒரு பெயரைப் பென்சிலால் அடித்து, பக்கத்தில் வேறு பெயர் எழுதியிருந்தது. அழுக்கு என்று நினைத்து ரப்பரால் அழித்துவிட்டேன். யார் பெயர் என்று படித்துக்கூடப் பார்க்கவில்லை. இப்போதும் அந்தத் தாளை எடுத்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பேன். பென்சில் அழுந்திய பள்ளம் லேசாகத் தெரியும். முதல் எழுத்து மட்டும் படிக்க வருகிறது.