பலர் மறுத்த ஹில்டி

அவையோருக்கு வணக்கம். 1940 ஜனவரியில் வெளிவந்த ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’ என்ற ஹாலிவுட் படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதில் நிருபர் ஹில்டி ஜான்சனாக வந்து நம்மை அசத்தும் ரோசலிண்ட் ரஸ்ஸல், அந்த வேடத்துக்கு முதலில் நினைக்கப்பட்டவர் இல்லை. இரண்டாவதாகவும் இல்லை.

ஹில்டியே முதலில் பெண் இல்லை! பென் ஹெக்ட், சார்லஸ் மக்கார்தர் எழுதி 1928-இல் நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் மேடையேறிய ‘தி ஃப்ரண்ட் பேஜ்’ நாடகம்தான் இந்தப் படத்துக்கு மூலம். அதில் ஹில்டி ஓர் ஆண். 1931-இல் அது படமானபோதும் பாட் ஓ’பிரையன் என்ற ஆண் நடிகர்தான் நடித்தார். ஹில்டியின் வசனத்தை ஒரு பெண்ணை விட்டு வாசிக்கச் சொன்னபோது இன்னும் நன்றாக இருந்ததாக இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ் பின்னாளில் சொன்னார். பத்திரிகை ஆசிரியருக்கும் நிருபருக்கும் நடந்த மல்லுக்கட்டு, விவாகரத்தான தம்பதியின் மல்லுக்கட்டாகிவிட்டது. அந்த ஒரு மாற்றம்தான் படத்தின் உயிர் என்பேன்.

சரி, யார் நடிப்பது? ஆசிரியர் வால்ட்டராக கேரி கிராண்ட். கதாநாயகிக்குத்தான் அலைச்சல். ஜீன் ஆர்தர், ஐரீன் டன், ஜிஞ்சர் ரோஜர்ஸ், கிளாடெட் கோல்பெர்ட் என்று அன்றைய பெரிய நட்சத்திரங்கள் பலர் வேண்டாம் என்றார்கள். கடைசியில்தான் ரஸ்ஸல். தனக்கு முன்னால் எத்தனை பேர் மறுத்தார்கள் என்பதை ரயிலில் போகும்போது செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டார். யாருக்குத்தான் கோபம் வராது? ஹாக்ஸைப் பார்க்க ஈரத் தலையோடே போய் நின்றார். என்னை நீங்கள் விரும்பிக் கேட்கவில்லை என்பது தெரியும் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்.

அந்த ரோஷம் வீண்போகவில்லை. நல்ல வசனமெல்லாம் கிராண்டுக்கே போகிறது என்று தோன்றியதும், விளம்பரம் எழுதுகிற ஒருவரைச் சொந்தப் பணத்தில் ரகசியமாக அமர்த்தித் தனக்குப் பதிலடிகள் எழுத வைத்தார். நடிகர்கள் தளத்திலேயே வசனம் சேர்த்துப் பேச ஹாக்ஸ் தடை சொல்வதில்லை. அதனால் அவை இயல்பாகக் கலந்துவிட்டன. கிராண்டுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இன்றைக்கு என்ன கொண்டுவந்திருக்கிறாய் என்று காலையில் கேட்க ஆரம்பித்துவிட்டார்!

படம் பார்க்கும்போது கவனியுங்கள். ஒருவர் முடிக்கும் முன்பே அடுத்தவர் பேச்சு வந்து விழும். எவ்வளவு வேகமாகப் பேசினாலும் ரஸ்ஸலின் சொல் ஒன்றுகூடத் தடுமாறாது. ஓரிடத்தில் செய்திக்காகச் சிறை அதிகாரியைத் தெருவில் துரத்திப் பாய்ந்து கீழே தள்ளுவார் ஹில்டி. அந்தப் பாய்ச்சலைத் தவறவிடாதீர்கள்.