முதல் கேள்வி: கடைசியா எப்போ குடிச்சீங்க?

பெங்களூரு அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கும் நர்ஸ் சகோதரிகளுக்கும் ஆஷா பணியாளர்களுக்கும் வணக்கம்.

"குடிநோயாளியை வெறுக்காதீர்கள்" என்ற உபதேசம் நம் பயிற்சிகளில் போதுமான அளவு நடந்தாயிற்று. கைதட்டி, டீ குடித்து, வார்டுக்குத் திரும்பினால் பழைய பேச்சுதான். அதனால் மனசை விட்டுவிட்டு வாயிலிருந்து தொடங்குவோம்.

கால் முறிந்து எலும்பு வார்டில் சேர்ந்தவரைப் பாருங்கள். பத்துப் பேர் காதில் விழும்படி "ஏய், குடிப்பியா?" என்று கேட்டால், "எப்பவாவது" என்பார். கேஸ் ஷீட்டில் அதுவே ஏறும். தினமும் குடித்தவருக்கு, நிறுத்திய ஆறேழு மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கிவிடலாம். இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் ஆள் அடையாளம் தெரியாமல் ட்ரிப்பைப் பிடுங்கவும் கூடும். "கலாட்டா பண்றான்" என்று கையைக் கட்டுவோம். உயிரே போகக்கூடிய நிலை அது! முதல் நாளே குடித்த கணக்குத் தெரிந்திருந்தால், நடுக்கத்துக்கு மருந்தும், குளுக்கோஸுக்கு முன்னால் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் டாக்டர் எழுதியிருப்பார்.

ஆகவே பயிற்சியில் ஜோடி ஜோடியாக இதை நடித்துப் பாருங்கள். திரையை இழுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, தமிழ்க்காரர் என்றால் தமிழிலேயே: "கடைசியா எப்போ குடிச்சீங்க? ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட்? தொண்ணூறு மில்லியா, நூத்தியெண்பதா?" 180 மில்லி விஸ்கியில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அளவை இப்படியே மில்லியில் எழுதுங்கள். "குடிகாரன்" என்ற சொல்லை வைத்து எந்த டாக்டரும் மருந்தளவு போட முடியாது. இன்னொன்று: வாடை அடிக்கிறது என்பதற்காக, மயங்கிக் கிடப்பவரைப் 'போதை தெளியட்டும்' என்று ஓரமாகப் போடக் கூடாது. தலையில் அடியா, சர்க்கரை இறங்கியதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

குடியை விட்டவர் ஒருவரைப் பேச அழைப்பது நல்ல வழி. ஆனால் பெரும்பாலும் அவரை அழவைத்து அனுப்பிவிடுகிறார்கள். பரிதாபம் கிளம்புமே தவிர, வார்டில் ஒன்றும் மாறாது. ஆஸ்பத்திரியில் எந்த இடத்தில் எழுந்து போய்விடத் தோன்றியது, யார் சொன்ன எந்த வார்த்தையால் தங்கினார் என்று கேளுங்கள். அவரை ஏச்சுக்கு விடாமல் பார்த்துக்கொள்வது நடத்துபவர் பொறுப்பு.

சட்டமும் நம் பக்கம்தான். மது, போதைப்பொருளோடு சேர்ந்த மனநிலைக் கோளாறுகளை 2017 மனநலச் சட்டம் மனநோய் என்றே வரையறுக்கிறது.

பயிற்சி பலித்ததா என்பதைக் கேள்வித்தாளில் தேடாதீர்கள். அதில் எல்லாரும் நல்லவர்கள். மூன்று மாதம் கழித்து இருபது கேஸ் ஷீட்டை எடுங்கள். கடைசியாகக் குடித்த நேரம் எத்தனையில் இருக்கிறது? சொல்லாமல் கிளம்பிப் போனவர் எத்தனை பேர்? டிஸ்சார்ஜ் சீட்டில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எழுதியிருக்கிறதா?