நீளமாக இருந்தால் ஒன்று, அறுந்தால் வேறு

நேயர்களுக்கு வணக்கம். மூட்டுவலிக்கு முழங்காலில் போடும் ஊசியிலும், முகத்துக்குப் பூசும் சீரத்திலும் ஹயலுரோனிக் அமிலம் என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அது நம் உடம்பே தயாரிக்கிற பொருள்தான். செல்களுக்கு வெளியே, கொலாஜன் நார்களுக்கு நடுவே, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு வழவழப்பாக நிறைந்திருக்கும். 1934-இல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணுக்குள் இருக்கும் கூழிலிருந்து இதை முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள்.

புற்றுநோய் என்றாலே மரபணுக் கோளாறு என்றுதான் பேசுகிறோம். செல்லுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதும் அதே அளவு கவனிக்க வேண்டிய விஷயம். அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

70 கிலோ எடையுள்ளவர் உடம்பில் ஹயலுரோனிக் அமிலம் சுமார் 15 கிராம் இருக்கும். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தினமும் சிதைந்து, புதிதாக உருவாகிறது. இரண்டு வகைச் சர்க்கரைகள் மாறி மாறிக் கோத்த நெடுஞ்சங்கிலி இது. நீளமாக இருக்கும்வரை பொதுவாக அமைதிதான். அடிபட்டு, துண்டு துண்டாகிவிட்டால், பூட்டு உடைந்து கிடப்பதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் கூடுவது மாதிரி நோயெதிர்ப்புச் செல்கள் திரண்டு வரும். டிஎல்ஆர்4 போன்ற ஏற்பிகள், அதாவது வெளியிலிருந்து வருவதைப் பிடித்துச் செல்லுக்குச் சேதி சொல்லும் புரதங்கள்தான் அந்தத் துண்டுகளை அடையாளம் காண்கின்றன. அழற்சி தொடங்குகிறது.

காயம் ஆற அது வேண்டும். ஆனால் வேலை முடிந்ததும் துண்டுகளை அப்புறப்படுத்தியாக வேண்டும். அதில் சிடி44 என்ற ஏற்பிக்குப் பெரிய பங்கு உண்டு. சிடி44 இல்லாத எலிகளின் நுரையீரலில், கிருமி எதுவும் இல்லாமல், மருந்தால் மட்டும் காயம் உண்டாக்கிப் பார்த்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. துண்டுகள் தேங்கின, அழற்சி அடங்கவே இல்லை, எலிகள் மடிந்தன. புற்றுச் செல்கள் பரவ உதவும் ஏற்பி என்று சிடி44-க்குக் கெட்ட பெயர் உண்டு. அது பொய்யில்லை. ஆனால் அதன் கையில் அகப்பட்டது நீளச் சங்கிலியா, துண்டா என்று கேட்காமல் அதைக் குற்றம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

கிழக்கு ஆப்பிரிக்காவில் மண்ணுக்கடியில் வாழும் ரோமமில்லாத வளை எலியை எடுத்துக்கொள்ளுங்கள். சுண்டெலி அளவுதான், ஆனால் 30 ஆண்டுக்கு மேல் வாழும். புற்றுநோய் மிக அரிது. அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் வேரா கோர்புனோவா, ஆந்த்ரே செலுவானோவ் குழுவினர் அதன் செல்களை வளர்த்தபோது, வளர்ப்புத் திரவம் பாகு மாதிரி கெட்டியாகி, உறிஞ்சும் குழாய்களையே அடைத்தது. பார்த்தால் ஹயலுரோனன், அதாவது இதே ஹயலுரோனிக் அமிலம்தான். மனிதருடையதைவிட ஐந்து மடங்குக்கும் பெரிய சங்கிலி. அதைச் சிதைத்துவிட்டால், புற்றுமரபணுக்கள் ஏற்றிய அந்தச் செல்களிலிருந்து கட்டி வளர்ந்தது. 2013-இல் இதை அறிவித்தார்கள். அந்தச் செல்களைப் புற்றாக மாற்றுவது அவ்வளவு கஷ்டமில்லை என்று 2020-இல் வேறொரு குழு மறுத்தது. வாதம் ஓயவில்லை. அப்புறம் 2023-இல் ஹயலுரோனன் தயாரிக்கும் அந்த எலியின் மரபணுவைச் சுண்டெலிக்குக் கொடுத்தபோது அழற்சியும் புற்றும் குறைந்தன, சராசரி ஆயுள் 4.4 சதவீதம் கூடியது.

மனிதரிடம் நேர்மாறாக முயன்றார்கள். கணையப் புற்றுக் கட்டியில் ஹயலுரோனன் மண்டி, ரத்தக் குழாய்களை நெரித்து, மருந்தை உள்ளே விடாது. அதை நொதியால் கரைக்கும் மருந்தை கீமோதெரபியோடு சேர்த்துக் கொடுத்தார்கள். 2019-இல் முடிவு வந்தது: நோயாளிகளின் ஆயுள் நீளவில்லை. கரைப்பதைவிட, உடம்பில் சங்கிலி அறுபடுவதைத் தடுக்கும் மருந்தைத் தேடுவதுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: சீரம் பூசுவதாலோ முழங்காலில் ஊசி போடுவதாலோ புற்றுநோய்ப் பாதுகாப்பு எதுவும் கிடைக்காது. நன்றி, வணக்கம்.